குரல் மட்டும் மாறவில்லை: ‘200 பவுண்ட்ஸ் பியூட்டி’

[காட்சி: சியோல் நகரத் தெரு. ஒரு காரும் டாக்சியும் மோதிக்கொண்டு நிற்கின்றன.]

டாக்சி டிரைவர் கோபமாக இறங்கி வருகிறார். தப்பு முழுக்க எதிரே கார் ஓட்டி வந்த பெண் மேல்தான். அவள் பயந்து நடுங்கிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த மனிதர் அப்படியே குழைந்துபோகிறார். கோபம் போன இடம் தெரியவில்லை.

தியேட்டரே சிரித்த காட்சி இது. ஆனால் அந்தப் பெண்ணைக் கவனியுங்கள். அவளுக்கு எதுவும் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அந்நியர் அவளிடம் பரிவாகப் பேசுகிறார்.

[காட்சி: படத்தின் போஸ்டர்.]

2006 டிசம்பரில் வந்த கொரிய ரொமான்டிக் காமெடி இது. இயக்குநர் கிம் யோங்-ஹ்வா. ஜப்பானிய மாங்கா (காமிக்ஸ்) ஒன்றைத் தழுவி எடுத்தார். கொரியாவில் மட்டும் 60 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. கொரியத் தலைப்பின் அர்த்தம், ‘அழகிகளின் பாடு கஷ்டம்’ என்பது போல வரும்.

கதாநாயகி காங் ஹன்னா. எடை 95 கிலோ. அற்புதமான குரல். ஆனால் மேடையில் ஆடுவதும் வாயசைப்பதும் ஆமி என்ற நட்சத்திரம். ஹன்னா மேடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள். கைதட்டல் அவளுக்கும் கேட்கும், ஆனால் அது அவளுக்கானது இல்லை. இரவில், போனில் ஆண்களிடம் கொஞ்சிப் பேசும் வேலை. அங்கேயும் குரல்தான் சம்பாதிக்கிறது.

அவள் மனசுக்குள் நேசிப்பது இசைத் தயாரிப்பாளர் சாங்-ஜுனை. அவருடைய பிறந்தநாள் விருந்துக்கு ஆசையாக ஒரு சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு போகிறாள். அங்கே ஆமியும் அதே கவுனில் நிற்கிறாள். ஹன்னாவுக்கு அந்தக் கவுனை அனுப்பியதே ஆமிதான், அவமானப்படுத்த. அது போதாதென்று, சாங்-ஜுன் ஆமியிடம் பேசுவதும் கழிப்பறைக்குள் ஒளிந்திருக்கும் ஹன்னாவின் காதில் விழுகிறது. ஹன்னாவை நாம் பயன்படுத்திக்கொள்கிறோம், அதனால் அவளிடம் நல்லபடியாக நடந்துகொள் என்கிறார். வெறும் திட்டாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இத்தனை நாள் அவர் காட்டிய அன்பே கணக்குப் போட்டுக் காட்டியது என்று தெரிந்தால் என்ன செய்வாள்?

உயிரை விடப் போகிறாள். அந்த நேரத்தில் போன் மணி அடிக்கிறது. இரவு வேலையின் வாடிக்கையாளர், பிளாஸ்டிக் சர்ஜன். அவரிடமே போய், தலை முதல் கால் வரை மாற்றிவிடச் சொல்கிறாள். முதலில் பார்த்த டாக்சி காட்சி இதற்குப் பிறகுதான். ஒரு வருடம் கழித்து, அமெரிக்காவிலிருந்து வந்த ‘ஜென்னி’ என்று சொல்லிக்கொண்டு சாங்-ஜுன் முன்னால் பாட நிற்கிறாள்.

[காட்சி: சியோலின் காங்னம் பகுதி, வரிசையாக பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக் பெயர்ப் பலகைகள்.]

இதை வெறும் சினிமாக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ‘வேமோ-ஜிசாங்-ஜுயி’ என்று கொரியாவில் ஒரு சொல் உண்டு. தோற்றமே எல்லாம் என்ற மனப்போக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது போட்டோ ஒட்டுவது அங்கே நீண்ட காலப் பழக்கம். வேலைக்குத் தேவையில்லாத உயரம், எடை, தோற்றம் பற்றிய விவரங்களை நிறுவனங்கள் கேட்கக் கூடாது என்று 2019-இல்தான் சட்டத்தில் தடை வந்தது. அதுவும் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். ஹன்னாவின் முடிவை நம் இஷ்டத்துக்குப் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

சரி, இந்தப் படத்தில் என்னை உலுக்கிய இடம் எது தெரியுமா? ஹன்னாவின் அப்பா. மனநலம் குன்றி மருத்துவமனையில் இருப்பவர். புகழின் உச்சியில் இருக்கும் ஜென்னி முன்னால் அவர் வந்து நிற்கிறார். அவளோ, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். மகள் என்று சொன்னால் பழைய முகம் வெளியே வந்துவிடும். ஹன்னாவாக வரும் கிம் ஆ-ஜுங் அந்த நொடியில் கண்ணை மட்டும் வைத்து நடித்திருக்கிறார். 2007-இல் அவருக்குக் கொரியாவின் டேஜோங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. பாடல்களையும் அவரே பாடினார். ‘மரியா’ பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

[காட்சி: கச்சேரி மேடை. பின்னால் பெரிய திரை.]

கடைசிக் கச்சேரி. பாட முடியாமல் நிற்கிறாள். நான் ஜென்னி இல்லை, காங் ஹன்னா என்று அழுகிறாள். தோழியை விட்டேன், அப்பாவை விட்டேன், என்னையே விட்டுவிட்டேன் என்கிறாள். பின்னால் திரையில் பழைய ஹன்னா பாடிக்கொண்டிருக்கிறாள். கூட்டம் கத்துகிறது: “க்வென்சானா!” பரவாயில்லை என்று அர்த்தம்.

எத்தனை முறை பார்த்தாலும் அழுதுவிடுவேன். ஆனாலும் ஒரு வருத்தம் இருக்கிறது. அந்தப் “பரவாயில்லை” கிடைப்பது மேடையில் நிற்கும் ஒல்லியான, அழகான பெண்ணுக்கு. திரையில் இருப்பவள் அதே பாட்டை அதே குரலில் பாடியபோது ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. சாங்-ஜுனும்தான். இயக்குநர் இதைத் தொட்டுவிட்டு விலகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், படம் முடியும்போது ஹன்னாவின் தோழி அதே டாக்டரைத் தேடி வருகிறாள். தனக்கும் முழுசாக மாற்றிவிடச் சொல்கிறாள். சிரிக்க வைத்த காட்சிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.