செடியாக மாறிய காதலி: 17ஆம் நூற்றாண்டுத் துணியில் ஒரு மர்மம்

வணக்கம் நண்பர்களே! திரையில் இருக்கும் இந்தக் குட்டி ஆளைப் பாருங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கை மேலே. சண்டைக்கு நிற்பது போலவே இல்லை? அதனால்தான் இந்த உருவங்களுக்கு ‘பாக்ஸர்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இவர் சண்டைக்காரர் இல்லை, காதலர்!

முதலில் இது என்ன துணி என்று பார்த்துவிடலாம். இதன் பெயர் சாம்ப்ளர். டிசைன் புத்தகம் எளிதில் கிடைக்காத காலத்தில், பிடித்த டிசைனை மறக்காமல் இருக்கத் துணியிலேயே தைத்து வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது நீளமான, ஒடுக்கமான லினன் பட்டை. வேலை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம். அவ்வளவுதான்.

சரி, நம்ம ஆளிடம் வருவோம். கையை ஜூம் செய்கிறேன், பாருங்கள். ஏதோ ஒன்றை நீட்டுகிறார். பூவோ, வேறு பரிசோ. யாருக்கு? எதிரே ஆளே இல்லை, பெரிய செடிதான் நிற்கிறது. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: ஐரோப்பாவின் பழைய டிசைன்களில் காதலன் பரிசு நீட்ட, எதிரே காதலி நின்றாள். அந்த ஜோடியைப் பார்த்து ஒருத்தி தைத்தாள், அவளுடையதைப் பார்த்து இன்னொருத்தி. இழையை எண்ணி எண்ணித் தைக்கிற வேலை இது. பாவாடையின் மடிப்பு ஓர் இழை தள்ளிப்போனால் போதும், அடுத்து தைப்பவளுக்கு அது இலையாகத் தெரியலாம். இப்படியே போய்க் காதலி முழுசாகச் செடியாகிவிட்டாள்! அவரோ இன்னும் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார். எனக்கு இந்த இடத்தில் மனசு உருகிவிடும். யாரும் திட்டமிட்டு அவளை அழிக்கவில்லை, பாருங்கள்.

அப்புறம், வேண்டுமென்றே அழித்த கதையும் ஒன்று உண்டு. தேதி குறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையது, 1598இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. பட்டு நூல், உலோக நூல், குட்டி முத்துகள். நாய், மான், சங்கிலி கட்டிய கரடி எல்லாம் உண்டு. எழுத்து வரிசையில் ஜே, யூ இரண்டும் இல்லை. அன்று அவை ஐ, வி எழுத்துகளிலிருந்து தனி எழுத்துகளாக முழுமையாகப் பிரியவில்லை. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தாள் என்றும் தைத்திருக்கிறார். கிழமை, வேளை உட்பட! ஜாதகம் எழுதிய மாதிரி.

இதே துணியில் முதுகில் கோட்டை சுமந்த ஒரு யானையும் இருந்தது. பிரித்து எடுத்துவிட்டார்கள், தடயம் மட்டும் மிச்சம். தைத்த யானையைப் பிரிப்பது லேசான வேலையா? ஊசி பிடித்துப் பழகியவர்களே, நீங்கள் எதற்காகப் பிரித்திருப்பீர்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.