பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளி

பெற்றோர்களுக்கும், சங்க நண்பர்களுக்கும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் வீடு தேடும்போது நம்மவர்கள் எத்தனை படுக்கையறை என்று கேட்பதற்கு முன்பே, "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்றுதான் கேட்கிறோம். வீடு எந்தப் பள்ளி வட்டாரத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பிள்ளைக்கு இடம். வீட்டு விளம்பரத்தில் பள்ளிக்குப் போட்டிருக்கும் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது என்றால் கடனை இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்கிவிடலாம் என்கிறோம். ஐந்து என்றால் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. பிள்ளைகளுக்காகத்தானே எல்லாம், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது என்ற எண் பள்ளியைப் பற்றிச் சொல்கிறதா, பள்ளியைச் சுற்றி வீடு வாங்க முடிந்தவர்களைப் பற்றிச் சொல்கிறதா என்று யாரும் நின்று கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இன்று வந்தேன்.

அரசு உயர்நிலைப் பள்ளி என்பது இந்த நாட்டில் சும்மா கிடைத்துவிடவில்லை. அப்படிப்பட்ட முதல் பள்ளி பாஸ்டனில் 1821-இல் தொடங்கியது. ஆனால் ஊரார் வரிப்பணத்தில் உயர்நிலைப் பள்ளி நடத்தலாமா என்பது அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்காகவே இருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரின் வழக்கில், நடத்தலாம் என்று 1874-இல் தீர்ப்பு வந்தது. 1910-இல் பதினெட்டு வயதுக்காரர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் உயர்நிலைப் பள்ளி முடித்தார்கள். 1940-இல் ஏறத்தாழ பாதிப் பேர். முப்பதே ஆண்டுகள்! ஒவ்வொரு ஊரும் தன் பள்ளிக்குத் தானே வரி போட்டுக்கொண்டதால்தான் இவ்வளவு வேகமாக வளர முடிந்தது. பிற்பாடு வந்த சிக்கலுக்கும் வேர் அங்கேயேதான் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கு ஊர் வரி என்றால், வீட்டு விலை ஏறிய ஊருக்குப் பணம் கொட்டும். மற்ற ஊர்?

புறநகர்கள் பெருகியபோது இது இன்னும் இறுகியது. 1930-களில் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், தன் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு கையேடு கொடுத்தது. ஒரு பகுதிப் பிள்ளைகள் தங்களைவிடத் தாழ்ந்த நிலையில் உள்ளவர்களோ 'ஒத்துவராத' இனத்தவரோ கணிசமாக உள்ள பள்ளிக்குப் போக நேர்ந்தால், அந்தப் பகுதி நிலைக்காது என்று அதில் எழுதியிருந்தது. பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்பதை வைத்து வீட்டின் மதிப்பைக் கணக்கிடச் சொன்னது அரசாங்கமே. நாம் இன்று வீட்டு விளம்பரத்தின் ஓரத்தில் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இப்படி ஒரு முன்கதை உண்டு.

டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்துக்கு வாருங்கள். அங்கே எட்ஜ்வுட் என்ற பள்ளி வட்டாரம், பெரும்பாலும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள். சில மைல் தள்ளி அலமோ ஹைட்ஸ், வசதியான பகுதி. 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நானூறு பேர் போல வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். கட்டடத்தைச் சரிசெய்யுங்கள், தகுதியுள்ள ஆசிரியர்களைப் போடுங்கள், இவ்வளவுதான் கேட்டார்கள். அந்தக் காலக் கணக்கை நீங்கள் கேட்கவேண்டும். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். அந்த வரியிலிருந்து ஒரு மாணவனுக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். அதிகமாக வரி விகிதம் போட்டுக்கொண்டவர்களுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று அந்தப் பெற்றோரை எவராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

டெமெட்ரியோ ரொட்ரிகஸ் என்ற தந்தை, தகடு வேலை செய்த தொழிலாளி, மற்ற பெற்றோரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். கல்வி, கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு மாறியிருந்தால் நம் புறநகர்ப் பள்ளிகளின் கதையே வேறாக இருந்திருக்கும்.

அப்புறம் சிகாகோ. அதன் வடக்கே வின்னெட்காவில் நியூ ட்ரையர் உயர்நிலைப் பள்ளி 1901-இல் தொடங்கியது. நாட்டின் பேர்போன அரசுப் பள்ளிகளில் ஒன்று. நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் அங்கே படித்தவர். பள்ளிக்கு அந்தப் பெயர் உழைப்பில்லாமல் வந்ததல்ல, அங்குள்ள ஆசிரியர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. 2008 செப்டம்பரில், சிகாகோவில் பள்ளி திறந்த முதல் நாளன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகாகோ மாணவர்கள் தங்கள் வகுப்புகளுக்குப் போகாமல் பேருந்துகளில் ஏறி, அந்தப் பள்ளியின் நார்த்ஃபீல்டு வளாகத்துக்குப் போனார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். மாநிலச் செனட்டர் ஜேம்ஸ் மீக்ஸ் ஏற்பாடு செய்த போராட்டம் அது. ஒரு மாணவருக்கு அங்கே ஆண்டுக்குச் சுமார் 17,000 டாலர் செலவு, சிகாகோவில் சுமார் 10,000 டாலர் என்பது அன்று பேசப்பட்ட கணக்கு. எல்லைக்கு வெளியே வசிப்பவர்களுக்கு இடம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் பெயர், முகவரி, வகுப்பு என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்கள். அந்த முகவரிக் கட்டத்தில்தான் எல்லாம் இருந்தது.

சரி, பெயர் இல்லாத பள்ளிகளில் ஒன்றும் நடப்பதில்லையா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மூன்றாம் வகுப்பில் இருக்கும் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்த்தார். சிகாகோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்பின் அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். வெறும் மதிப்பெண் பட்டியலில் அதே சிகாகோ கீழேதான் கிடந்தது. தேர்வு மதிப்பெண் பெரும்பாலும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்பதைக் காட்டும். பள்ளி என்ன செய்தது என்று தெரியவேண்டுமானால் முன்னேற்றத்தைத்தான் பார்க்கவேண்டும். ஒன்பது வாங்கிய பள்ளி, ஏற்கெனவே தயாராக வந்த பிள்ளைகளை அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டும் இருக்கலாம்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் மாநில அரசு வெளியிடும் பள்ளி அறிக்கையைத் திறந்து பாருங்கள். 2015-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ஒரு மாணவருக்கு ஆகும் செலவை ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் சொல்லியாக வேண்டும். அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர், கடினமான மேம்பட்ட பாடங்களில் சேரும் பிள்ளைகள் யார் யார் என்பதையும் பாருங்கள். பெற்றோர் வந்து பார்ப்பதற்காகப் பள்ளி வைக்கும் திறந்த நாளுக்குப் போனால் புதிய நீச்சல் குளத்தைக் காட்டுவார்கள். பின்தங்கி வந்த பிள்ளையை என்ன செய்கிறீர்கள் என்று முதல்வரைக் கேளுங்கள். பதில் உடனே, விவரமாக வந்தால் அது நல்ல பள்ளி.

ஏற்கெனவே ஒன்பதுக்குள் குடியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி எல்லையை மாற்றி வரைவது பற்றிப் பள்ளிக் குழு கூட்டம் போட்டால், நம்மவர்கள் பெரும்பாலும் வீட்டு விலை விழுந்துவிடும் என்ற பயத்தோடுதான் போகிறோம். அடுத்த முறை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெற்றோர் பேசி முடிக்கும் வரை இருந்து கேட்டுவிட்டுப் பிறகு மைக்கைப் பிடியுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.