புராஸ்டேட் புற்றுநோயைத் தேடுவதில் எலாஸ்டோகிராபி எப்படி உதவுகிறது?

[திரையில்: புராஸ்டேட் சுரப்பியின் வரைபடம், மலக்குடலை ஒட்டிய பின்பகுதி தனி நிறத்தில்]

வணக்கம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் அமைந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியை, மருத்துவர் கையுறை அணிந்த விரலால் மலக்குடல் வழியே தொட்டுப் பரிசோதிப்பது நெடுங்கால வழக்கம். அந்த விரல் தேடுவது கடினத்தன்மையைத்தான். புற்றுநோய் வளரும் இடத்தில் செல்கள் நெருக்கமாகப் பெருகி, சுரப்பிக் குழல்களின் ஒழுங்கு குலைந்து, கொலாஜன் நார்களும் கூடுவதால் திசு இறுகிவிடுகிறது. ஆனால் விரலுக்கு எட்டுவது சுரப்பியின் பின்பரப்பு மட்டுமே. சிறிய கட்டி தட்டுப்படாமலே போகலாம்.

வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒலியின் எதிரொலியைத்தான் படமாக்குகிறது, கடினத்தன்மையை அளப்பதில்லை. சில கட்டிகள் அதில் கருமையாகத் தெரிந்தாலும், கணிசமானவை சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறைந்துவிடுகின்றன. அதனால்தான் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்) அளவு உயர்ந்தவர்களுக்கு, சுரப்பியின் பல பகுதிகளிலிருந்து 10 முதல் 12 துணுக்குகள் வரை ஊசியால் எடுக்கும் பயாப்சி வழக்கமானது. அத்தனை குத்துகளுக்குப் பிறகும் கட்டி ஊசிக்குத் தப்பிவிடலாம் என்பது நோயாளிக்கு எவ்வளவு பெரிய சுமை!

[திரையில்: நுரைப் பஞ்சுக்குள் கோலிக்குண்டு, மேலிருந்து அழுத்தும் தகடு]

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோனதன் ஓஃபிர் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, திசுவின் கடினத்தன்மையைப் படமாக்கும் எலாஸ்டோகிராபி என்ற முறைக்கு வழி திறந்தது. நுரைப் பஞ்சுக்குள் கோலிக்குண்டு ஒன்றைப் புதைத்து அழுத்தினால் பஞ்சு சுருங்கும், குண்டு சுருங்காது. அதுபோலவே, ஸ்கேன் கருவியால் திசுவை மெல்ல அழுத்தி, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் கிடைக்கும் எதிரொலிகளை ஒப்பிட்டு, எந்த இடம் எவ்வளவு சுருங்கியது என்று கணினி கணக்கிடுகிறது. ஆயினும் அழுத்தும் கை மாறினால் படமும் மாறும் என்பது இந்த முறையின் பெரிய குறை.

[திரையில்: பக்கவாட்டில் பரவும் அலை]

அடுத்து வந்த ஷியர் வேவ் முறையில் கை அழுத்தத் தேவையில்லை. குவிக்கப்பட்ட ஒலித் துடிப்பே திசுவை மிக நுண்ணிய அளவில் தள்ளுகிறது. அதிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் அலைதான் ஷியர் வேவ்; அது நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. அல்ட்ராசவுண்ட் ஒலியோ திசுவில் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்வதால், நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து அந்த மெதுவான அலையைப் பின்தொடர முடிகிறது. பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க் குழுவினர் வளர்த்தெடுத்த இந்த அதிவேகப் படமாக்கம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. திசு இறுகியிருந்தால் அலை விரையும். வேகத்தின் வர்க்கத்தைத் திசுவின் அடர்த்தியாலும் மூன்றாலும் பெருக்கினால் கடினத்தன்மை கிலோபாஸ்கல் அலகில் கிடைக்கும். சுரப்பியின் புறப்பகுதியில் ஏறத்தாழ 35 கிலோபாஸ்கலுக்கு மேற்பட்ட இடத்தைச் சந்தேகிக்கலாம் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அது நொடிக்கு 3.4 மீட்டர் அலை வேகத்துக்குச் சமம்.

[திரையில்: ஒரே சுரப்பியின் இரண்டு வண்ணப் படங்கள், பக்கத்தில் நிற அளவுகோல்]

இங்கே ஓர் எச்சரிக்கை: ஒரு கருவியில் கடினமான இடம் சிவப்பு, இன்னொன்றில் அதுவே நீலம். நிற அளவுகோலைப் படிக்காமல் படத்தைப் படிக்கக் கூடாது. ஷியர் வேவ் படம் எடுக்கும்போது கருவியை அழுத்தாமல், சில நொடிகள் அசையாமல் பிடிக்க வேண்டும். அழுத்தினால் நல்ல திசுவும் கடினமாகத் தோன்றும்.

கடினமானதெல்லாம் புற்றுநோயும் அல்ல. வயதில் வரும் புராஸ்டேட் வீக்கத்தின் முடிச்சுகள், சுண்ணாம்புப் படிவுகள், நாள்பட்ட அழற்சி ஆகியவையும் திசுவை இறுகச் செய்யும். பெரிய சுரப்பியின் முன்பகுதிக்கு அலை சரியாக எட்டுவதில்லை. அங்கே எம்ஆர்ஐ ஸ்கேன்தான் மேலானது. இறுகாத புற்றுநோய்களும் உண்டு. ஆகவே எலாஸ்டோகிராபி படத்தில் எதுவும் தென்படவில்லை என்பதற்காக மட்டும் பயாப்சியைக் கைவிடுவது சரியல்ல. படம் சுட்டும் இடத்திலிருந்து கூடுதலாக ஓரிரு துணுக்குகளை எடுத்து, வழக்கமான துணுக்குகளோடு நோய்க்கூறியல் மருத்துவருக்கு அனுப்புவதே இதன் முறையான பயன்பாடு; புற்றுநோயா இல்லையா என்பதை உறுதி செய்வது அவருடைய நுண்ணோக்கிப் பரிசோதனைதான்.