கடலடியைத் தேடிய பதிவாளர்

[காட்சி: லண்டன் பர்லிங்டன் கார்டன்ஸ் கட்டடம், பழைய படம்]

வணக்கம். பட்டச் சான்றிதழோ பெயர் திருத்தமோ, பல்கலைக்கழகத்துக்கு எதை எழுதினாலும் "பெறுநர்: பதிவாளர் அவர்கள்" என்றுதான் தொடங்குகிறோம். அந்த நாற்காலியில் 23 ஆண்டுகள் இருந்தவர் வில்லியம் பெஞ்சமின் கார்ப்பென்டர்.

1856இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குப் பதிவாளராக வரும்போதே அவர் பேர்பெற்ற உடலியல் அறிஞர், ராயல் சொசைட்டி உறுப்பினர். அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பே கிடையாது. பாடம் நடத்துவது கல்லூரிகள்; தேர்வு வைப்பதும் பட்டம் தருவதும் மட்டுமே பல்கலைக்கழகம். 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகமும் இதே அச்சில் வார்த்ததுதான். அப்படிப்பட்ட இடத்தில் பதிவாளர் அலுவலகம் சரியாக நடந்தால்தான் பல்கலைக்கழகமே நடக்கும்.

[காட்சி: தேர்வுக் கூடம், ஓவியம்]

1858இல் புதிய சாசனம் வந்தது. மருத்துவம் நீங்கலாக, கல்லூரியில் சேராதவர்களும் தேர்வு எழுதலாம் என்றானது. விண்ணப்பம், கட்டணம், தேர்வாளர், முடிவு எல்லாம் பதிவாளர் மேசைக்கு வந்து சேரும். அறிவியலுக்கென்று தனிப் பட்டமும் இந்தக் காலத்தில்தான் வந்தது.

1862இல் எலிசபெத் காரெட் என்ற பெண் நுழைவுத் தேர்வு எழுத அனுமதி கேட்டார். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான செனட்டில் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. தலைவரின் வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது. முடிவு செனட்டுடையது; அதைத் தாளில் பதிந்து நடைமுறைக்குக் கொண்டுவருவது பதிவாளர் கடமை. கதவு அடைத்தே கிடக்கவில்லை. 1869இல் ஒன்பது பெண்கள் தங்களுக்கென நடந்த தனித் தேர்வை எழுதினார்கள்.

[காட்சி: நீராவிக் கப்பல், வரைபடம்]

இத்தனைக்கும் நடுவே, 1868இல் கார்ப்பென்டர் ஆழ்கடலை ஆராய, லைட்னிங் கப்பலில் உயிரியல் அறிஞர் வைவில் தாம்சனோடு வட அட்லாண்டிக்குக்குப் போனார். சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இல்லை என்று பலர் நம்பிய காலம் அது. மறு ஆண்டு போர்க்யுபைன் கப்பலின் வலையில் 4,400 மீட்டருக்கும் கீழேயிருந்து உயிரினங்கள் வந்தன. அடுத்து ஒரு பெரிய உலகப் பயணம் வேண்டும் என்று கடற்படையிடம் வாதாடியவர்களில் முன்நின்றவர் கார்ப்பென்டர். 1872இல் சேலஞ்சர் கப்பல் அந்தப் பயணத்துக்குப் புறப்பட்டது. அதில் அவர் போகவில்லை.

இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் கடலைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவருடைய அலுவலக வாழ்க்கையும் அதே அளவு பெரிதாகப் படுகிறது. 1878இல் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டது. பிரிட்டனில் அதுவே முதல். 1879இல் கார்ப்பென்டர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு நான்கு பெண்கள் அங்கே பி.ஏ. ஆனார்கள்.