பழைய கல்லறைக்கு கிரானைட் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் வீடுகளைப் பார்த்து வியந்துவிட்டுப் போகிறார்கள். கிறிஸ்தவப் பங்குக் கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தேவகோட்டைப் பக்கத்துச் சருகணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சின்ன சவேரியார்' என்று சனங்கள் கூப்பிட்ட தே ரோசி சாமியார் 1774-ல் இறந்து அங்கேதான் அடக்கமானார். அவர் சேர்ந்திருந்த இயேசு சபை என்ற துறவற சபையை ரோமாபுரி கலைத்த மறுவருடம் அது. பிற்காலத்து இயேசு சபைக் குரு லெவே சாமியாரின் கல்லறையும் சருகணியில்தான். அவர் காலமானது 1973-ல். இவற்றுக்கு ஆபத்தில்லை, வேண்டிக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். என் கவலை சாதாரணக் குடும்பக் கல்லறைகளைப் பற்றியது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரம்தான் பழைய கல்லறைகளுக்குச் சோதனைக் காலம். "தாத்தா கல்லறை பாழடைஞ்சு கெடக்கே" என்று கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். அவர் சிமெண்டைப் பூசி, மேலே கிரானைட்டோ டைல்ஸோ ஒட்டிவிடுவார். பாசத்தில் செய்வதுதான், சரி. ஆனால் பழையது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடியாக்கும். மேலே பளபளப்பு, உள்ளே மாவு. காரை பெயர்ந்திருந்தால் சுண்ணாம்புக் காரையாலேயே ஒட்டுப் போடச் சொல்லுங்கள். வீட்டுச் சுவருக்குக் காரை பூசத் தெரிந்தவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

பெயர் வெட்டிய கல்லைத் தூக்கி எறிவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரே குழியைப் பல வருடம் கழித்துத் திறந்து, மகனையோ மருமகளையோ வைப்பது உண்டு. அப்போது புதுக் கல் வரும், பழைய பெயர் போய்விடும். புதியதைப் பதியுங்கள், பழையதைப் பக்கத்திலேயே சாய்த்தாவது வையுங்கள்.

வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்து மூடியிருந்தால் கம்பியால் சுரண்ட வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். குழிவில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். பழைய கல்லில் வருடம் தமிழ் எண்ணில் இருக்கலாம். '௧௮௯௦' என்றால் 1890. ணை, லை, றா எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் தடுமாறாமல் வாசிப்பார்கள்.

அப்புறம், பங்குச் சாமியாரிடம் கேட்டு இறப்புப் பதிவேட்டைப் பாருங்கள். பழைய பதிவுகள் லத்தீனில் இருந்தாலும் பெயரும் தேதியும் புரிந்துவிடும். கல்லில் 'இன்னார் மனைவி' என்று மட்டும் வெட்டியிருப்பார்கள், அவள் பெயருக்கு இடமில்லாததுபோல. கல்லில் விட்ட பெயர் பதிவேட்டில் இருக்கலாம். கிடைத்தால், புதுக் கல் வெட்டும்போது அவள் பெயரை முதல் வரியில் போடச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.