ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "என் பழைய அம்பாசடரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். ரெகுலேட்டர் தனியாக இருக்கிறது. ஏற்காடு ஏறி முடிப்பதற்குள் பேட்டரியில் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. இரண்டு மாதத்தில் மூன்று முகப்பு பல்புகள் போய்விட்டன. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. ஊருக்குள் தெரியவில்லை என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது, கூடவே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும். எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் வோல்டேஜை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. அந்தப் பிடி உங்கள் வண்டியில் நழுவுகிறது.

முதலில் பேட்டரி. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 10.5 பக்கம் காட்டினால் ஆறு செல்களில் ஒன்று போயிருக்கலாம். மீதி ஐந்தும் அந்தச் சுமையில் கொதிக்கும், பழி ஆல்டர்னேட்டர் மேல் விழும். பேட்டரி சரி என்றால், ஸ்டார்ட் செய்து நிமிடத்துக்கு 2000 சுற்று வரை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை சரி. 15ஐத் தாண்டினால் நோய் உறுதி.

இனிமேல்தான் முக்கியமான இடம். ரெகுலேட்டர் பேட்டரியை நேரில் பார்ப்பதில்லை. பல வண்டிகளில் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும் வயரிலும், தன் உடம்பு தொடும் எர்த்திலும் (பேட்டரி நெகட்டிவ்வோடு இணைந்த வண்டியின் உலோக உடம்பு) கிடைப்பதைத்தான் பேட்டரி வோல்டேஜ் என்று நம்புகிறது. நடுவில் துருப்பிடித்த இணைப்பு ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால், '13 தானே இருக்கிறது' என்று இன்னும் ஏற்றிக்கொண்டே போகும். என் வண்டியிலேயே இரண்டு ரெகுலேட்டரும் ஒரு பேட்டரியும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், புதிதாகப் பெயின்ட் அடித்தபோது ரெகுலேட்டர் திருகும் இடத்திலும் அடித்துவிட்டார்கள். எர்த்தே இல்லை! உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

ஆகவே எஞ்சின் ஓடும்போது, பேட்டரி நெகட்டிவ்வில் ஒரு முனையும் ரெகுலேட்டர் உடம்பில் மறு முனையும் வைத்து அளந்து பாருங்கள். பிறகு பேட்டரி பாசிட்டிவ்வுக்கும் ரெகுலேட்டரின் இக்னிஷன் டெர்மினலுக்கும் நடுவே. இரண்டில் எதிலாவது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியைச் சுத்தம் செய்யுங்கள், ரெகுலேட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டும் சுத்தமாக இருந்தால், எஞ்சினை நிறுத்தி ரெகுலேட்டரில் இருந்து ஃபீல்டு வயரை (ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் வயர்) கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சார்ஜ் நின்றுவிட்டால் ரெகுலேட்டர்தான் கெட்டிருக்கிறது. நிற்காவிட்டால், அதே வயரை ஆல்டர்னேட்டர் பக்கமும் கழற்றிப் பாருங்கள். இப்போது நின்றால் வழியில் எங்கோ வயர் உரசித் தேய்ந்திருக்கிறது. அப்போதும் நிற்கவில்லை என்றால்தான் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'சார்ஜ் வருகிறதா' என்று பார்ப்பது. ஆல்டர்னேட்டர் வண்டியில் இதைச் செய்தால், அதன் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு போய்விடலாம். தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துபவர்களும் இருக்கிறார்கள். கொதிக்கும் பேட்டரி ஹைட்ரஜன் விடுகிறது, முகத்துக்கு ஆபத்து.

சரிசெய்த பிறகு குறைந்த மட்டத்தை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே நிரப்புங்கள். போனது தண்ணீர்தான், ஆசிட் அப்படியே உள்ளே இருக்கிறது.