கொமோடோவில் மான் திருடர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொமோடோ டிராகன் என்றால் பயந்துவிட வேண்டாம், அது நம்மூர் உடும்பின் சொந்தக்காரன்தான். என்ன, பத்தடி நீளம் வளரும். இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா முதலிய சில தீவுகளிலும் பக்கத்துப் பெரிய தீவான புளோரஸின் கரையோரத்திலும் மட்டும்தான் அது காட்டு விலங்காக வாழ்கிறது.

அந்தத் தீவுகளுக்கு ராத்திரியில் படகில் வரும் திருடர்கள் பெரும்பாலும் டிராகனைத் தேடுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது ருசா மான். நாய்களை ஏவி வளைத்து, சுட்டு, இறைச்சியை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

டிராகன் வேட்டையாடும் விதத்தைப் பார்த்தால் இதன் விபரீதம் புரியும். மான் நடக்கும் தடத்தின் ஓரமாகப் புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். மான் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். ரம்பப் பல் கிழித்த இடத்தில் இறங்கும் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அப்புறம் வயிறு புடைக்கத் தின்றுவிட்டுப் பல நாள் சும்மா கிடக்கும். குட்டிகள் மரத்தில் ஏறிப் பல்லி, பூச்சி தின்று பிழைத்துக்கொள்ளும். வளர்ந்த டிராகனுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு? மான் குறைவாக உள்ள கிலி மொத்தாங் என்ற குட்டித் தீவில் டிராகன்களே சிறுத்துத்தான் இருக்கின்றன. பாடார் தீவில் மான்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1970களில் டிராகன்களும் அங்கே காணாமல் போயின.

டிராகனையே கடத்துகிறவர்களும் உண்டு. 2019இல் கிழக்கு ஜாவா போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட குட்டிகளை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்களாம். அதே ஆண்டு கொமோடோ தீவை ஓராண்டு மூடப்போவதாக மாகாண அரசு அறிவித்தது. பிடிபட்ட குட்டிகள் புளோரஸைச் சேர்ந்தவை என்று பிறகு தெரியவந்தது. திட்டமும் கைவிடப்பட்டது. 2021இல் டிராகன் 'அழியும் ஆபத்தில் உள்ள' இனங்களின் பட்டியலுக்குப் போனது. கடல் மட்டம் உயர்வதும் அதற்கு ஒரு காரணம்.

அந்த மூடல் பேச்சில் கொமோடோ கிராமத்து மக்களையே வெளியேற்றும் யோசனையும் இருந்தது. எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. டிராகனைக் கூடப்பிறந்த பிறவியாகச் சொல்லும் கதை அவர்களுடையது. தேசியப் பூங்கா வந்தபின் மான் வேட்டையும் அவர்களுக்குத் தடையாகிவிட்டது. நடுராத்திரியில் வேற்றூர்ப் படகு கரை ஒதுங்கினால் முதலில் காதில் விழுவதும் அவர்களுக்குத்தானே? அவர்களைக் காவலுக்கு வைத்துக் கூலி கொடுத்து, ரோந்துப் படகுக்கு டீசலும் போட்டால் மான் மிஞ்சும்.

வணக்கம்.